வெள்ளை அடிக்கும் வித்தை

வெள்ளை அடிப்பது என்று சொன்னால் பாஞ்சாலங்குறிச்சியில் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. முதல் அர்த்தத்தின் கதை நேயர்கள் அறிந்ததே. 1799-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மன் படையுடன் கோட்டையைத் தாக்கினார்; அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்; கோட்டை தரைமட்டமாயிற்று. ஆனால் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், ஒரு வாரத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் ஒரு கோட்டை நின்றது! மார்ச்சு 31-ந் தேதி அதைத் தாக்கிய கும்பெனிப் படை பலத்த சேதத்துடன் திரும்பிற்று. மே 24-ந் தேதிதான் கோட்டை விழுந்தது.

இந்த வாரம் நாம் பேச வந்தது இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி. அதாவது, வீட்டின் வெளிச் சுவருக்கு நாமே வெள்ளை அடித்துக்கொள்வது பற்றி. ஆயினும் கோட்டையைச் சுலபத்தில் விட்டுவிடுவதற்கில்லை. அந்தச் சண்டையில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பெனி உத்தியோகஸ்தர் தம்முடைய நினைவுகளை எழுதி வைத்திருக்கிறார். கோட்டை சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம், சுவரின் உயரம் சுமார் 12 அடி, எல்லாம் மண். அதைக் கட்டியவர்கள், "கான்ட்ராக்டர் எப்பொழுது வருவார்?" என்று திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்ததாகத் தகவல் இல்லை.

இப்பொழுது அங்கே போகிறவர்கள் காண்பது 1974-ல் மாகாண சர்க்கார் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடிமானம் தொல்பொருள் இலாகாவின் காவலில் இருக்கிறது. சர்க்கார் கோட்டைக்குச் சர்க்கார் வர்ணம் பூசிக்கொள்ளும். நம்முடைய வீட்டுக்கு நாம்தானே பூச வேண்டும்?

எப்பொழுது பூசுவது? "இதென்ன கேள்வி? பொங்கலுக்கு முன்னால்தான்" என்று எல்லாரும் சொல்வார்கள். சரி, ஆனால் ஏன் பொங்கலுக்கு முன்னால்? தூத்துக்குடிக் கரையில் மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வரவு. மார்கழி பிறக்கும்போது சுவர்கள் குடித்த தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கும். ஈரம் உலராத சுவரில் ஏன் பூச வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் சுண்ணாம்புக்கு வேண்டியது அந்த ஈரந்தான். நம் முன்னோர் வகுத்த பஞ்சாங்கம், சுண்ணாம்பை மனத்தில் வைத்து வகுத்தது என்பது என் அபிப்பிராயம். அதே பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டு டப்பாப் பெயிண்டைப் பூசுவதில்தான் இன்று பாதிக் கஷ்டம் விளைகிறது.

சுண்ணாம்பின் ரகசியத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு போய்விடுகிறது. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். இதைத் தண்ணீரில் நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து இழந்த வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. அப்படி வாங்கிக்கொள்வதற்கு ஈரம் வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்துவிட்டால் கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். சாய்ந்தவன் சட்டையெல்லாம் வெள்ளையாவது அதனால்தான்.

இந்தப் பூச்சு கல்லானாலும் அதில் நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. சுவர் குடித்த நீர் அவற்றின் வழியே ஆவியாக வெளியேறும். டப்பாப் பெயிண்டு அப்படியல்ல. அதில் பல தினுசுகள் தோல்போலச் சுவரை மூடிவிடுகின்றன. மேற்கூரையிலிருந்தோ அஸ்திவாரத்திலிருந்தோ உள்ளே புகுந்த நீர் வெளியே வர வழி தெரியாமல் தோலை உந்துகிறது. முதலில் கொப்புளம், பிறகு பொருக்கு. சிமெண்டுச் சுவரானால் அசிங்கத்தோடு போயிற்று. மண்சுவரானால், வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே மண் குழைந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியதை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளின் மண்சுவர்கள் இடிந்தன. பெய்கிற மழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் குடித்த நீரைச் சுவர் வெளியே விடுவதற்கு வழியை அடைக்காமல் இருக்கலாம் அல்லவா?

ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் சுவர் எது என்று பார்க்கவேண்டும். மண்சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் இவற்றுக்குச் சுண்ணாம்பே ஏற்றது. சிமெண்டுக் காரை பூசிய வீடு, வெளிச் சுவருக்கென்று செய்த பெயிண்டைத் தாங்கும். 1949-ல் தாழையூத்தில் சிமெண்டு ஆலை வந்த பிறகு நம் பக்கத்தில் இரண்டாவது ஜாதி வீடுகள் பெருகிவிட்டன. முன்புறம் சிமெண்டும் பின்கட்டு மண்ணுமாக இருக்கும் வீடுகளும் உண்டு. அவற்றுக்கு ஒரே டப்பாவை வாங்கி நாலு பக்கமும் பூசிவிடுவது சிக்கனமல்ல.

இங்கே கடலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முத்துச் சிப்பி, கிளிஞ்சல், பவளப் பாறை எல்லாம் சாராம்சத்தில் ஒரே சுண்ணாம்புச் சத்துத்தான். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் வளர்ந்திருந்தன. அவற்றை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, கட்டடக் கல்லாகவும் காளவாய்க்கு இரையாகவும் நெடுங்காலம் உபயோகித்தார்கள். தீவுகளுக்கு அலையைத் தடுக்கும் மதில் அந்தப் பாறைகளே என்பதை யாரும் நினைக்கவில்லை. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு இப்பொழுது தண்ணீருக்குள் இருக்கிறது. வான் தீவும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அதைக் காக்கவேண்டி வந்தது. நம் வீட்டுச் சுவர் வெளுத்ததற்குக் கடல் கொடுத்த விலை அது. 1986-ல் அந்தப் பிரதேசத்தைக் கடல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, வெட்டுவதைக் கடுங் குற்றமாக்கினார்கள். சுண்ணாம்பு வாங்கும்போது, எந்தக் கல்லைச் சுட்டது என்று கேட்டு வாங்குங்கள். உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லுக்கு நம் தேசத்தில் குறைவில்லை.

இனி வேலைக்கு வருவோம். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் சுமார் 5 லிட்டர் ஆகும். தண்ணீரை முதலில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மண் தொட்டியோ இரும்புப் பீப்பாயோ நல்லது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி கொதிப்பில் இளகிவிடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. கண்ணில் ஒரு துளி பட்டாலும் உடனே கால் மணி நேரமாவது சுத்தத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு வைத்தியரிடம் போகவேண்டும். கழுவாமல் வைத்தியரைத் தேடி ஓடுவது தவறு.

ஒரு நாள் முழுதும் ஊறிய பிறகு, முரட்டுத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குக் கஞ்சியோ பசையோ கொஞ்சம் சேர்ப்பதுண்டு. மஞ்சள் தட்டாமல் இருக்கத் துளி நீலம் போதும். தாராள மனசுக்காரர்கள் நீலம் போட்ட வீடுகளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று கைப்பிடி உப்புப் போடும் வழக்கமும் உண்டு. உப்பளக் காற்று ஓயாமல் வீசும் நம் கரைக்கு அது வேண்டியதில்லை.

சுவரில் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அதே உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் பூமியில் வேறொரு தொந்தரவு. மழையில் மண் உப்பும், கோடையில் சுருங்கும். வீடும் அதோடு சேர்ந்து மூச்சு விடும். அங்கே சுவரில் விழும் விரிசலைச் சிமெண்டு வைத்து இறுக அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று விழுகிறது. சிறு விரிசலானால் குழைந்த சுண்ணாம்புக் காரையே போதும். கை நுழையும் அளவு வாய் பிளந்திருந்தால், அது பூச்சு வேலையல்ல, கொத்தனார் வேலை.

சுவரை நனைத்துவிட்டு, பால்போலத் தண்ணியாகப் பூசவேண்டும். முதலில் மேலிருந்து கீழாக. அது உலர்வதற்குள் குறுக்காக. புதுச் சுவருக்கு மூன்று பூச்சு, பழையதற்கு ஒன்றோ இரண்டோ. தடித்த ஒரே பூச்சு உரிந்து விழும். பூசும்போது சுவர் கண்ணாடிபோலத்தான் இருக்கும்; "ஒன்றும் ஏறவில்லையே!" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலையில் அவர்களே வந்து பார்க்கட்டும். காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போவது உத்தமம். தூரிகைக்குப் பனந்தும்பு மட்டையை விஞ்சியது எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து பனந்தும்பு ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே பிரஷ் ஆயிற்று. அவர்கள் வாசலைத் தேய்த்த நாரை நாம் வீட்டுச் சுவருக்கு உபயோகிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பெயிண்டுதான் பூசுவேன் என்கிறவர்கள் பொங்கலைத் தாண்டவிட்டு, மாசியும் பங்குனியும் பார்த்துத் தொடங்கட்டும். அதற்குள் சுவர் உலர்ந்திருக்கும். புதிதாகப் பூசிய சிமெண்டுக் காரையானால் 4 வாரமாவது ஆறவேண்டும். ஆனி, ஆடி வரை தள்ளிப்போடவும் கூடாது. மேல்காற்று கரிசல் காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டின் மேல் இறைத்துவிடும்.

ஜன்னல், கதவு, கிராதிகளின் பழைய எனாமலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமுலுக்கு வந்தது. அதற்கு முந்தின பூச்சுகளை உலர்வாகச் சுரண்டினால் தூசி மூச்சோடு போகும். திண்ணையில் விழுந்தது குழந்தையின் கையோடு வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்த்து, விழுந்ததைத் துணியால் துடைத்தெடுங்கள்.

ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து விலகி நிற்கவேண்டும். கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாடியின் வெளிப்புறத்தைச் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதில் சுயமரியாதைக்குக் குறைவு ஏற்படாது.

மீந்த சுண்ணாம்பைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். நீலமும் பசையும் சேர்க்காததைப் பானையில் இட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் அடுத்த மார்கழிக்கு வெண்ணெய்போல இருக்கும். நீலம் கலந்ததைக் கொல்லைத் தென்னையின் அடிமரத்தில் பூசிவிடலாம்.