வேரு எங்கீங்க மாப்ள?

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை மரியாதை மூணு நாள்தான். நாலாவது நாள் ஏதாவது சாதித்துக் காட்டியாக வேண்டும்!

ஊர், கொல்லிமலை அடிவாரம். ராத்திரி முழுக்க இடி, மழை. விடிந்ததும் காட்டோரப் புல்லில் பார்த்தால்... அடேயப்பா! வெள்ளை வெளேரென்று காளான்கள். துண்டு நிறையப் பறித்துக்கொண்டு, வேட்டையாடித் திரும்பிய மகாராஜா மாதிரி வந்தேன்.

திண்ணையில் இருந்த அம்மாயி (மனைவியின் பாட்டி) ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வேரு எங்கீங்க மாப்ள?"

"காளானுக்கு ஏது அம்மாயி வேர்?"

"புத்துக் காளானுக்கு இருக்குமுங்க."

வாஸ்தவம். கறையான் புற்றிலிருந்து கிளம்புவதால் அதன் காம்பு வேர் போல மண்ணுக்குள் நீளமாக இறங்கும். என்னுடையதோ அடியில் லேசாக உப்பி, அதோடு சரி. குடை மேல் பழுப்புச் செதில். காம்பில் மோதிரம் போல வளையம்; தள்ளினால் நகர்கிறது.

விடுவேனா? "வெள்ளிக் கொலுசைப் போட்டு வேக வைப்போம். கறுக்கலேன்னா சாப்பிடலாம்" என்றேன். மனைவி முறைத்தாள். (கொலுசு அவளுடையது!) அந்தச் சோதனையே சுத்தப் பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான், மஞ்சள் போட்டால் விஷம் முறியும் என்பதெல்லாமும் அதே ரகம்.

அம்மாயி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீங்க வேணா சாப்புடுங்க. கொழந்தைக்குத் தரமாட்டனுங்க."

என் அஞ்சு வயசுப் பையன் அதற்குள் தட்டோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முற்றிய குடை ஒன்றை வெட்டி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்தேன். மறுநாள் காலை தாளில் பச்சைத் தூள்! ஆசாமியின் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சொல்லும்போதே குமட்டுகிறதல்லவா? தின்றால் சில மணி நேரத்தில் நிஜமாகவே வாந்தி, பேதி. இளசாக இருக்கையில் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும். முற்றிய பிறகுதான் பச்சை தட்டும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

"அப்ப வெள்ளைத் தூள் விழுந்தா சாப்பிடலாமா மச்சான்?" என்றான் மச்சினன்.

கூடாது. ஐரோப்பியக் காடுகளில் 'சாவுத் தொப்பி' என்றொரு காளான். அதன் தூளும் வெள்ளைதான். தின்று 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அது நின்று, 'அப்பாடா' என்று மூச்சு விடும்போது ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

பி.காமில் படித்ததுதான். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் தப்பு நிச்சயம். டேலி ஆகிவிட்டது என்பதற்காகத் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. காளானில் ஒரு அடையாளம் உதைத்தாலும் குப்பைக்கு. எல்லாம் பொருந்தினாலும், தெரிந்தவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்புக்கு இல்லை. கணக்கு உதைத்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் இருக்கிறது. வயிற்றில் எதற்கு சார் சஸ்பென்ஸ்?

அன்று மத்தியானம் இலையில் காளான் குழம்பு. பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சையாக ஒரு காம்பு.

"வேரைப் பாத்துட்டுச் சாப்புடுங்க மாப்ள" என்றார் அம்மாயி.