தாம்பரத்திலிருந்து 14-வது ஸ்டேஷன்: எழும்பூர் மியூசியம் மட்டும் ஏன் இன்னும் தூரமாகவே இருக்கிறது?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் 14-வது ஸ்டேஷன் எழும்பூர். டிக்கெட் 10 ரூபாய். ஸ்டேஷனை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நடந்தால் பாந்தியன் சாலை, அரசு அருங்காட்சியகம். உலகமே பேசும் சோழர் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், நாணயங்கள், ஓவியங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இருந்தும் குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் பகுதிகளில் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "ஸ்கூல் படிக்கும்போது ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க."

ஆர்வம் இல்லை என்று புறநகர்வாசிகள் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. மியூசியம் காலை 9.30-க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. அரசு அலுவலக நேரத்தில் இயங்கும் ஓர் இடத்தை, அதே நேரத்தில் வேலை பார்க்கும் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள்? விவாதிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

1851-ல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் இது. இந்தியாவில் கொல்கத்தா இந்தியன் மியூசியத்துக்கு அடுத்த மூத்த அருங்காட்சியகம் என்று சொல்லப்படுகிறது. ராணுவ மருத்துவரான எட்வர்ட் பால்ஃபோர்தான் முதல் பொறுப்பாளர். முதலில் கல்லூரிச் சாலையில் இருந்தது, 1854-ல் பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. இன்று ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். அதே வளாகத்தில்தான் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருக்கிறது.

செப்புத் திருமேனிகள் பிரிவுக்கு மட்டுமே அரை நாள் தேவை. திருவாலங்காட்டு நடராஜரை நேரில் பார்க்காமல், புகைப்படங்களை மட்டும் பார்த்து வியந்து எழுதினார் பிரெஞ்சுச் சிற்பி ரோடின். அந்தக் கட்டுரை அவர் மறைந்த பிறகு 1921-ல் வெளியானது. பாரீஸில் இருந்தவர் படத்தைப் பார்த்து எழுதிய சிலை, தாம்பரத்துக்காரருக்கு 10 ரூபாய் டிக்கெட் தூரத்தில் நிற்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் இங்கேதான்.

அமராவதி கதை இன்னொரு விதம். 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிய பௌத்தச் சிற்பங்களில் ஒரு பகுதி பின்னர் லண்டனுக்குக் கப்பலேறியது. அதைப் பார்க்க பிரிட்டிஷ் மியூசியம் போக வேண்டும். மீதி எழும்பூரில்.

பாந்தியன் சாலையை ஒட்டி நிற்கும் இளஞ்சிவப்புக் கட்டடத்தை, உள்ளே போகாதவர்கள்கூட பஸ்ஸில் இருந்து பார்த்திருப்பார்கள். 1909-ல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டு, பின்னர் தேசியக் கலைக்கூடமானது. கட்டட உறுதி பற்றிய கவலையால் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. இதை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணம் எழும்பூர் ரயில் நிலையத்திலும் உண்டு. அது திறக்கப்பட்டது 1908. ஆக, ரயிலை விட்டு இறங்கும்போதே மியூசியத்தின் அண்ணன் கட்டடத்தில்தான் கால் வைக்கிறோம் என்பது பலருக்கும் தெரியாது.

தாம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மெட்ராஸ் பேச்சில் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்' என்று பெயர். மிருகக்காட்சிச் சாலைக்கு 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரே வளாகத்தில் பிறந்தவை. 1855-ல் பால்ஃபோர் பாந்தியன் வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். கூட்டம் குவிந்தது. இடம் போதாமல் 1863-ல் சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அதுவும் போதாமல் 1985-ல் வண்டலூருக்கு வந்தது. இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அதுதான். உயிர் காலேஜ் மட்டும் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, செத்த காலேஜ் எழும்பூரிலேயே தங்கிவிட்டது. விடுமுறை நாளில் வண்டலூருக்குப் போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பூங்காவின் தாய்வீடு எது என்று தெரியும்?

இதைவிடப் பழைய உறவு பல்லாவரத்தோடு. 1863 மே 30-ம் தேதி, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை அடையாளம் கண்டார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. உலகத் தொல்லியல் பாடப்புத்தகங்களில் பல்லாவரத்துக்கு இடம் கிடைத்தது அந்த ஒரு கல்லால்தான். ஃபூட் வாழ்நாள் முழுக்கத் தென்னிந்தியாவில் சேர்த்த கருவிகளின் பெருந்தொகுப்பை எழும்பூர் மியூசியம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கியது. அந்தத் தொகுப்பு பற்றிய அவரது குறிப்புகளை 1916-ல் நூலாகவும் வெளியிட்டது.

பல்லாவரத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊரின் கதை தெரிய வேண்டுமென்றால் எழும்பூருக்குத்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு

சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் வேலை, ஓஎம்ஆரில் ஐடி வேலை, ஜிஎஸ்டி சாலையில் கடை. பலருக்கு வாரத்தில் மிஞ்சுவது ஞாயிறு மட்டும். அன்றைக்கு எட்டு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி 10 மணிக்கு ரயில் ஏறினால் மியூசியம் வாசலைத் தொடும்போது 11 ஆகிவிடும். ஞாயிறுகளில் பராமரிப்புப் பணிக்காக ரயில்களைக் குறைப்பதும் அவ்வப்போது நடக்கிறது. உள்ளே போனதும் பிள்ளைகள் இழுப்பது திமிங்கல எலும்புக்கூடு இருக்கும் பக்கம். அது நியாயம்தான். ஒன்றரை மணிக்குப் பசி. சாப்பிட்டுத் திரும்பி வந்தால் வெயிலும் தூக்கமும். நான்கு மணிக்கு மேல் 'சீக்கிரம் பாருங்க' என்ற அவசரம். கடைசியில் விட்டுப்போவது பெரும்பாலும் செப்புத் திருமேனிகள்தான்.

46 கூடங்களை ஒரே நாளில் பார்த்து முடிப்பது யாராலும் ஆகாது. வெளிநாட்டுப் பயணிகள் பெரிய மியூசியங்களுக்கு இரண்டு நாள் ஒதுக்குவதும், நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல் எடுப்பதும் இதற்காகத்தான்.

"உள்ளூர்ல எதுக்கு ரூம்?"

இப்படிச் சொன்னால் தாம்பரம் வீடுகளில் சிரிப்பார்கள். "வீடு 25 கிலோமீட்டர்ல இருக்கு, எழும்பூர்ல போய் ரூம் போடுறதா?" ஆனால் கணக்குப் போட்டால் யோசனை அவ்வளவு மோசமில்லை. சனிக்கிழமை மதியம் கிளம்பி இரண்டு மணி நேரம் ஒரு பகுதி, இரவு எழும்பூரில் தங்கல், ஞாயிறு காலை 9.30-க்குக் கதவு திறக்கும்போதே செப்புத் திருமேனிகள் முன்னால் நிற்கலாம். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு நடுவில் ஓய்வெடுக்க ஓர் அறை இருப்பதே பெரிய உதவி.

அறைகளுக்கும் பஞ்சமில்லை. கென்னட் லேன், காந்தி இர்வின் சாலை பக்கம் ரயில் பயணிகளை நம்பியே வளர்ந்த பட்ஜெட் லாட்ஜ்கள். பாந்தியன் சாலை, மாண்டியத் சாலை பக்கம் போனால் கொஞ்சம் பெரிய ஹோட்டல்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சிக்கல் ஒன்று உண்டு. ஆதாரை நீட்டியதும் "லோக்கல் அட்ரஸா சார்? ரூம் இல்ல சார்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. உள்ளூர்வாசிக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. வம்பு வேண்டாம் என்று ஹோட்டல்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட விதி அது. எனவே பணம் கட்டும் முன்பே போன் செய்து, உள்ளூர் முகவரி உள்ள குடும்பத்துக்கு அறை உண்டா, செக்-அவுட் 24 மணி நேரமா அல்லது மதியம் 12 மணியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தன் ஊர் மியூசியத்தைப் பார்க்க வரும் குடும்பத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதை ஹோட்டல்காரர்கள் நிறுத்த வேண்டும்.

ஆனால் அறை எடுப்பது வசதி இருப்பவர்களுக்கான வழி. எல்லோருக்கும் பொதுவான தீர்வு அது ஆகாது.

பழைய வழி அடைபடுகிறது

முன்பெல்லாம் மதுரை, நெல்லை ரயில்களில் விடியற்காலை எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்து, வந்த வேலையை முடித்து, ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தால் மியூசியத்தை எட்டிப் பார்ப்பது தென் மாவட்டத்துக்காரர்களின் வழக்கம். அந்த வழி மாறிக்கொண்டிருக்கிறது. தாம்பரம் சென்னையின் மூன்றாவது ரயில் முனையம் ஆகிவிட்டது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கேயே நிற்கின்றன. எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணிக்காகவும் சில ரயில்கள் தற்காலிகமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டன. வெளியூர்க்காரர் இப்போது இறங்குவதும் அறை எடுப்பதும் ஜிஎஸ்டி சாலையில். தற்செயலாக மியூசியத்துக்குள் நுழையும் கூட்டம் குறையும். இனி ஆட்களை வரவழைக்க மியூசியம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, மாலை நேரம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கிறது. பாரீஸ் லூவ்ர் புதன், வெள்ளியில் இரவு 9 வரை. மாட்ரிட் பிராதோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை இலவசம். எழும்பூரில் வாரம் முழுக்க வேண்டாம், சனிக்கிழமை மட்டும் 8 மணி வரை திறந்தால் போதும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. விலைமதிப்பில்லாத சிலைகள், பாதுகாப்பு முக்கியம், ஊழியர்கள் போதாது, கூடுதல் சம்பளம் யார் கொடுப்பது? கேள்விகள் நியாயமானவை. கோயில்களில் சிலை பறிகொடுத்த மாநிலத்தில் இந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 46 கூடங்களையும் திறக்கச் சொல்லவில்லை. செப்புத் திருமேனிகள் பிரிவு மட்டும் திறக்கலாம். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அனுமதி தரலாம். மாலைக் காட்சிக்குத் தனிக் கட்டணம் வைத்து, அதைக் கூடுதல் பணி பார்க்கும் ஊழியர்களுக்கே கொடுக்கலாம். அதே வளாகத்தில் உள்ள மியூசியம் தியேட்டரில் மாலையில் நாடகங்கள் நடப்பது புதிதல்ல. விளக்கு போட்டு, வாசலில் ஆள் நிறுத்தி, இரவில் கூட்டத்தைப் பத்திரமாக அனுப்பி வைக்கும் பழக்கம் அந்த வளாகத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, இரண்டு நாள் செல்லும் டிக்கெட். சனிக்கிழமை பார்த்தது போக மீதியை ஞாயிறு வந்து பார்க்கலாம் என்றால் யாரும் ஓட்டமாக ஓட மாட்டார்கள். துறைக்கு இதில் பெரிய செலவும் இல்லை.

மூன்றாவது, மியூசியமே புறநகருக்கு வருவது. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு மக்கள் தேடிப் போகக் காரணம், அந்த மண்ணில் கிடைத்ததை அந்த மண்ணிலேயே வைத்ததுதான். பல்லாவரத்துக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். ரயில் நிலையத்திலோ, தாம்பரம் மாநகராட்சிக் கட்டடத்திலோ ஒரு கண்ணாடிப் பேழை, சில கற்கருவிகள், ஒரு பக்கத் தமிழ் விளக்கம் போதும். அதைப் பார்த்த பிள்ளை மீதியைப் பார்க்க எழும்பூருக்கு வீட்டில் அடம்பிடிக்கும்.

தங்குமிடத்தையும் கலையையும் சேர்த்து யோசிப்பதற்குத் தென்சென்னைப் பக்கமே முன்மாதிரி இருக்கிறது. ஈசிஆரில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா 1996 முதல் இயங்குகிறது. அங்கே வளாகத்துக்குள்ளேயே தங்க அறைகள் உண்டு. தனியார் அறக்கட்டளை செய்ததை அரசு அப்படியே செய்ய வேண்டும் என்றில்லை. எழும்பூர் லாட்ஜ் ரிசப்ஷன்களில் மியூசிய நேரமும் வழியும் அச்சிட்ட ஒரு தாளை வைக்கச் சொன்னாலே நல்ல தொடக்கம்.

அதுவரை போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு என்றால் ரயில் மாற்றம் ஏதும் உண்டா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ரயில் இல்லையென்றால் விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறி எழும்பூருக்குப் போகலாம். உள்ளே நுழைந்ததும் முதலில் செப்புத் திருமேனிகள், அடுத்து அமராவதி, பிறகு கற்கருவிகள். திமிங்கலத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் அதற்காகவே நடப்பார்கள்.

அருங்காட்சியகத் துறை செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் புதுக் கட்டடமோ புதுத் திட்டமோ தேவையில்லை. ஏதாவது ஒரு மாதத்தில் நான்கு சனிக்கிழமைகள், இரவு 8 மணி வரை, சோதனை முறையில் திறந்து பார்க்கட்டும். தாம்பரம் ரயிலில் எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யட்டும்.