பணயம் வைக்கப்படும் கவனம்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் திருவிழாவைக் கண்டு வளர்ந்தவர்களுக்குச் சூதாட்டக் கதையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியவன் ஒருவன்; பணயமாக வைக்கப்பட்டவள் இன்னொருத்தி. அவளை யாரும் கேட்கவில்லை. என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று அவள் சபையில் எழுப்பிய கேள்வியை இன்று பள்ளிப் பிள்ளைகளின் சார்பில் நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது.

கணினித் திரையில் கல்வி விளையாட்டு ஆடும் பிள்ளையின் தலையில் ஒரு பட்டியை மாட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிந்து, அதன் மன உழைப்பை அளக்கிறார்கள். நாம் விஞ்ஞானத்தின் பகைவர் அல்லர். 1924இல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய வைத்தியர் மனித மூளையின் மின்னலையை முதன்முதல் பதிந்தார். 1929இல் அதனை வெளியிட்டார். வலிப்பு நோயாளருக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. கடினமான கணக்கில் மனம் ஈடுபடும்போது முன்மூளைப் புறத்தில் தீட்டா அலை ஓங்குவதும், பின்புறத்தில் அல்பா அலை தணிவதும் ஆய்வுகூடங்கள் பலமுறை கண்டவை. ஆனால் இவை மைக்ரோவோல்ட் கணக்கிலான சின்னஞ்சிறு துடிப்புகள். பிள்ளை கண் இமைத்தாலே அவற்றிலும் பெரிய அலை பதிவில் விழுந்துவிடும். அலை மாறியது கணக்கினாலா, பயத்தினாலா, காலையில் வெறும் வயிற்றோடு வந்ததனாலா என்பதைப் பட்டி சொல்லாது.

1988இல் ஜோன் சுவெல்லர் என்ற அவுஸ்திரேலிய அறிஞர் அறிகைச் சுமைக் கொள்கையை முன்வைத்தார். அதன் சாரம் என்ன? மனிதனின் செயல்நினைவு மிகச் சிறியது. பாடத்தை ஒழுங்கின்றி அமைத்தால் மாணவன் வீண் சுமை சுமப்பான். ஆகவே பாடத்தைத் திருத்துங்கள்! அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது பாடத்தை. கருவி விற்போர் பிள்ளையை அங்கே ஏற்றிவிட்டனர்.

2019இல் சீனாவின் செஜியாங் மாகாணத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் நடந்தது இதுவே. பிள்ளைகள் தலைப்பட்டியுடன் வகுப்பில் அமர்ந்தனர். கவனத்தின் அளவை நெற்றி விளக்கின் நிறம் காட்டிற்று. புள்ளிகள் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போயின. மக்கள் கொதித்தெழவே அவ்வாண்டிலேயே அது நிறுத்தப்பட்டது. 2023இல் சிலி நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவுகளை அழிக்கும்படி கருவி நிறுவனம் ஒன்றுக்குக் கட்டளையிட்டது. செனட்டர் நீதிமன்றம் ஏறினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே ஏறும்?

சீனத்துக் கதை நமக்கேன் என்பீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை என்னும் செக்கில் பத்து வயதுப் பிள்ளையைப் பூட்டி, பள்ளி விட்டதும் ரியூசனுக்கு ஓட்டும் நாடு இது. இங்கே கவனத்துக்கும் புள்ளி உண்டென்றால் அதற்கும் ஒரு ரியூசன் முளைக்கும்! மீன்பிடிப்பவன் மகளும் மருதமுனை நெசவாளியின் மகனும் காசுள்ளவன் பிள்ளைக்குப் பின்னால் இன்னொரு வரிசையில் நிற்பார்கள்.

பாண்டிருப்பு முற்றமொன்றில் கொக்கான் வெட்டும் சிறுமியைப் பாருங்கள். ஒரு கல் வானில் நிற்க, மற்றவற்றை ஒன்றாய், இரண்டாய் அள்ளுகிறாள். எண்ணும், காலமும், கையும் ஒன்றாய் இயங்குகின்றன. தவறினால் அடுத்தவள் முறை, அவ்வளவுதான். அவள் தவறியதை எந்த ஏடும் பதிந்து வைப்பதில்லை.

அளக்கத்தான் வேண்டுமா? பாடநூலைத் திருத்துவதற்காக அளக்கட்டும். பெயரின்றி, பெற்றோரும் பிள்ளையும் இசைந்தபின் அளக்கட்டும். பதிவு எந்தக் கம்பனியின் பெட்டகத்துக்கும் போகக் கூடாது. மனச்சுமையை அறிய நாசா ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட முறைகூட ஒரு வினாத்தாள்தான்: வேலை எவ்வளவு கடினமாயிருந்தது என்று செய்தவனையே அது கேட்கிறது. ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பில் அக்கேள்வியை நாம் கடைசியாகக் கேட்டது எப்போது?