வரவுக்கேற்ற விடுமுறை

ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, "லீவுக்கு எங்கேடி போறே?" என்பதுதான். சிலர் ஊட்டி என்பர். சிலர் கொடைக்கானல் என்பர். வெளிநாடு செல்வோரும் ஓரிருவர் உண்டு. தறி உள்ள வீட்டுப் பிள்ளைகளாகிய எங்களில் பலர், "பாட்டி வீட்டுக்கு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவோம்.

கடல் கடந்து போவது செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது முழு உண்மையன்று என்பது எங்கள் கருத்து. திட்டமிட்டால் நம் போன்றோரும் போய்வரலாம். ஆனால், "எவ்வளவு மலிவாய்ப் போய்வந்தோம் தெரியுமா?" என்று பெருமை பேசுவோரின் வழியும் நமக்கு உகந்ததன்று. செலவைக் குறைக்கும்போது யாருடைய பங்கைக் குறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உலகெங்கிலுமிருந்து பயணிகள் தேடிவரும் வெப்ப நாடுகளுள் நமக்கு மிக அருகில் இருப்பது இலங்கை. அந்நாட்டுக்கும் நம் காஞ்சிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. ஏழாம் நூற்றாண்டில் இலங்கை இளவரசன் மானவர்மன் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான்; அவன் நாட்டை மீட்டுக் கொடுக்கப் பல்லவன் கடற்படையை அனுப்பினான். அதைவிட நெருங்கிய உறவொன்றும் உண்டு. மணிமேகலைக்கு அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரம் மணிபல்லவத் தீவில் கிடைத்தது என்றும், பஞ்சத்தால் வாடிய காஞ்சி மக்களின் பசியை அவள் அப்பாத்திரத்தைக் கொண்டே தீர்த்தாள் என்றும் காப்பியம் கூறுகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அந்த மணிபல்லவம் என்று கருதுவோர் பலர்.

ஒரு காலத்தில் இலங்கைப் பயணம் எளிதாயிருந்தது. 1914 முதல் சென்னை எழும்பூரிலிருந்து 'போட் மெயில்' ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போர்ச் சூழலால் நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் மீண்டும் விடப்பட்டது. கடலைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மழைக்காலத்திலும் வேறு காரணங்களாலும் இடையிடையே சேவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனித் திட்டத்திற்கு வருவோம்.

முதலாவது காலம். இலங்கையில் இரண்டு பருவமழைகள் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி முதலிய மேற்கு, தெற்குப் பகுதிகளை நனைக்கும். யாழ்ப்பாணத்திற்குப் பெருமழை தருவது, நமக்குத் தருவது போலவே, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். எனவே நம் கோடை விடுமுறையில் வடக்கே போவது நல்லது. வெயில் கடுமைதான், காஞ்சி வெயிலில் வளர்ந்த நமக்கு அது புதிதன்று. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருடசேவைக்கு நம் வீடுகளில் உறவினர் நிறைந்துவிடுவர். அதற்கு முன் போய்வந்துவிட வேண்டும்.

இரண்டாவது இடம். ஐந்து நாட்களில் இலங்கை முழுவதையும் பார்க்க விரும்பினால் பணம் வண்டிச் சத்தத்திற்கே போய்விடும். ஏப்ரலில் நுவரெலியாவில் கூட்டமும் விடுதி வாடகையும் உச்சத்தில் இருக்கும். மேலும், 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயல் மலைநாட்டில் பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கி ரயில் பாதையையும் சேதப்படுத்தியது. அங்குச் செல்வோர் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முன்னரே கேட்டறிய வேண்டும். நமக்கு யாழ்ப்பாணம் ஒன்றே போதும். அங்கே பேசுவது தமிழ். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டாம். பஸ்ஸில் ஏறி நாமே வழி கேட்டுக்கொள்ளலாம்.

காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு சென்று இரவு ரயிலில் புறப்பட்டால் காலையில் நாகப்பட்டினம் சேரலாம். பக்கத்திலேயே வேளாங்கண்ணி. அன்னையை வணங்கி ஒருநாள் தங்கிப் பின் கப்பலேறலாம். யாழ்ப்பாணத்தில் முதல் நாள் போர்த்துக்கீசியர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையையும் பொது நூலகத்தையும் காணலாம். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் அந்நூலகத்தின் 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன என்பர். மீண்டும் எழுந்து நிற்கும் அக்கட்டடத்தின் முன் நூல் நேசிக்கும் எந்த மாணவியும் சற்று நேரம் பேசாமல் நிற்பாள். மறுநாள் நல்லூர்க் கந்தசாமி கோயில். மூன்றாம் நாள் பஸ்ஸில் குறிகட்டுவான் துறைக்குப் போய், படகேறி நயினாதீவு. அங்கு நாகபூசணி அம்மன் கோயிலில் அன்னதானம் நடக்கும் மண்டபத்தின் பெயரும் 'அமுதசுரபி'தான்! நம் ஊர்ப் பசியைத் தீர்த்த பாத்திரத்தின் பெயரால் அங்கு வருவோர்க்கெல்லாம் இன்றும் சோறிடுகிறார்கள். நான்காம் நாள் கீரிமலை நீரூற்றும் சில்லாலையும். 1687-இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கையில் கரையிறங்கிய கோவாக் குருவான யோசேப் வாஸ் அடிகளாரை மறைத்து வைத்துக் காத்தவர்கள் சில்லாலை மக்கள். கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடை செய்திருந்த காலம் அது. 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிசு கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பார்க்கப் பஸ் கட்டணமும் படகுக் கூலியுமே பெருஞ்செலவு.

மூன்றாவது பணம். கடன் வாங்கிப் பயணம் போவதை நாங்கள் ஏற்கவில்லை. தறிக்கு வாங்கிய முன்பணம் எத்தனை ஆண்டு தீராமல் நிற்கும் என்பதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். வாரம் 300 ரூபாய் ஒதுக்கினால் ஓராண்டில் 15,600, மூன்றாண்டில் 46,800. மூன்றாண்டா என்று சிரிக்க வேண்டாம். இழை இழையாய்ச் சேர்த்தே ஒரு சேலையை முடிக்கும் வீடுகள் நம்முடையவை. ஆறாம் வகுப்பில் தொடங்கினால் ஒன்பதாம் வகுப்பில் போகலாம். அத்தொகை நால்வருக்குப் போதுமா என்பது அன்றைய கப்பல் கட்டணத்தைப் பொறுத்தது. போதாவிட்டால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம். கடவுச்சீட்டுக்குப் பெரியவர்க்கு 1,500 ரூபாய், பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு 1,000 ரூபாய். ஆக அப்பா, அம்மா, இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு 5,000 ரூபாய். கடைசி நேரத்தில் 'தத்கால்' முறையில் கேட்டால் ஆளுக்கு 2,000 கூடுதல். முன்கூட்டி விண்ணப்பிப்பதே 8,000 ரூபாய் மிச்சம்! இலங்கைக்குள் நுழையும் அனுமதியையும் அந்நாட்டு அரசின் இணையத்தளம் வழியே நாமே பெறலாம். இடைத்தரகருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைப்பதால் கையில் நிறையப் பணம் இருப்பது போல் தோன்றும். அந்த மயக்கத்தில் செலவிடாமல் ஒவ்வொரு நாளும் கணக்கெழுத வேண்டும். கப்பல் ஒருநாள் நின்றுபோனால் தங்கவும் உண்ணவும் தனியே ஒரு தொகையை முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எதைக் குறைக்கலாம்? படம் எடுத்துக்கொள்வதற்கென்று வாங்கும் புத்தாடைகளைக் குறைக்கலாம். குளிர்பதன அறையைக் குறைக்கலாம். திரும்பி வரும்போது தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் வாங்கும் சாமான்களைக் குறைக்கலாம். பத்து இடங்களை நான்காகக் குறைக்கலாம். இவையெல்லாம் நம் பங்கு.

எதைக் குறைக்கக் கூடாது? இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு ஒருமுறை ஒரு பயணி வந்தார். தறிக்கருகில் அமர்ந்து, கோர்வைக் கரை கூடுவதை ஒருமணி நேரம் பார்த்தார்; படமெடுத்தார்; வாயாரப் புகழ்ந்தார். பிறகு சேலையின் விலையைக் கேட்டு, அதில் பாதிக்குத் தருவீர்களா என்றார். தாம் குறைந்த செலவில் ஊர் சுற்ற வந்திருப்பதாகக் காரணமும் கூறினார். அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் உள்ளே போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பதினைந்து நாள் உழைப்பின் விலை ஒருவருடைய சிக்கனத்திற்காகப் பாதியாக வேண்டுமாம்! அவர் கெட்டவரல்லர். தம் பயணத்தின் மலிவை யார் தாங்கப் போகிறார் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

நாளை யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் பனையோலைப் பெட்டி விற்கும் அம்மாவின் முன் நிற்கப்போவது நாம். 1983 முதல் 2009 வரை போரைக் கண்டு, 2022-இல் பொருளாதார நெருக்கடியில் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் அவர்கள். அப்பெட்டியின் விலையில் இருபது ரூபாயைக் குறைத்து வாங்கிவிட்டு வெற்றி பெற்றதாக நாம் மகிழ்ந்தால், அந்தப் பயணிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? ஏமாறச் சொல்லவில்லை, நாலு கடையில் விலை கேட்கலாம். உழைத்தவரின் கூலியில் கை வைக்கக் கூடாது என்கிறோம். இரண்டு பெட்டிக்குப் பணமில்லையெனில் ஒன்றை நியாயமான விலைக்கு வாங்குவோம்.

குறைக்கக் கூடாத இன்னொன்று அம்மாவின் ஓய்வு. செலவு மிச்சமாகுமென்று அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிச் சென்று, போன இடத்திலும் அம்மாவைச் சமைக்க வைத்தால் அது யாருக்கு விடுமுறை? கருடசேவைக்கு வரும் உறவினர்க்கெல்லாம் இட்லி அவித்துக் கொட்டும் அவர், ஐந்து நாளாவது வேறொருவர் கையால் புட்டும் சொதியும் உண்ணட்டும். அச்செலவைத் திட்டத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

"இதெல்லாம் நமக்கு ஆகிற காரியமா? உள்ளூரில் பார்க்க இடமில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அக்கேள்வியிலும் நியாயம் உண்டு. மூன்றாண்டுச் சேமிப்பில் பாதி ஒரு மருத்துவச் செலவுக்குப் போய்விடலாம். அப்போது வேளாங்கண்ணியோடு திரும்புவோம். நாகப்பட்டினக் கடற்கரையில் நின்று அக்கரையை நினைத்துக்கொள்வோம். அதில் இழிவு ஒன்றுமில்லை. வரவு எவ்வளவு தூரம் கொண்டு செல்கிறதோ அவ்வளவு தூரம் போவதே நல்ல திட்டம். ஆனால் கணக்கே போட்டுப் பார்க்காமல் "நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டுவது வேறு. அந்த முடிவைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முதற்பக்கத்தில் வரவை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடியவற்றை எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில், பிறரிடமிருந்து பறிக்கக் கூடாதவற்றை எழுதுங்கள். பிறகு அம்மாவையும் அப்பாவையும் அருகில் அமர்த்திப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை "லீவுக்கு எங்கேடி போறே?" என்று யாரேனும் கேட்டால், "இன்னும் மூணு வருஷத்துல யாழ்ப்பாணம்" என்று பேச்சை மாற்றாமல் சொல்வோம். இறைவன் துணை நிற்பாராக!