நடைபாதை மாநாடுகளில் தோட்டத்து மக்களுக்கு நாற்காலி எங்கே?

மலையேறும் பாதை, சைக்கிள் தடம், பூங்காவைச் சுற்றி ஓடும் நடைபாதை ஆகியவற்றைத் திட்டமிடுகிறவர்கள், வெட்டிச் சீர்படுத்துகிறவர்கள், நிதி தேடித் தருகிறவர்கள் ஒன்றுகூடும் மாநாடுகள் ஆசியாவில் இன்று புதிதல்ல. தென்கொரியாவின் ஜெஜு தீவு 2010ஆம் ஆண்டிலேயே உலக அளவில் இப்படி ஒரு மாநாட்டைக் கூட்டியது. அதன்பின் வட்டார அளவிலும் இத்தகைய சந்திப்புகள் பெருகின. மண்ணரிப்பு, வழிகாட்டிப் பலகை, தொண்டூழியர்கள், மீட்புப் பணி, சுற்றுப்பயணிகளின் செலவு என்று பேச்சு ஓடும்.

“வார இறுதியில் மலையேறுகிறவர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?” என்று நம்மில் பலர் இந்தச் செய்திகளைக் கடந்துபோகிறோம். ஆனால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று மக்கள் விரும்பி நடக்கும் பாதைகளில் சில, ஒரு காலத்தில் தமிழர்கள் வேலைக்குப் போய்வந்த பாதைகள். பால்மரம் வெட்டப் போன தடம், ரயில் தண்டவாளம் பராமரித்த தடம், கொழுந்துக் கூடையோடு ஏறிய தடம். அந்தப் பாதையை என்ன செய்வது என்று பேசும் அறையில் நம்மவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, கோலாலம்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி நிற்கும் புக்கிட் கியாரா, ஒரு ரப்பர் தோட்டமாக இருந்த குன்று. 1970களில் அரசாங்கம் பொதுத் தேவைக்கென்று அந்தத் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பிறகு அதில் கோல்ப் மன்றம் வந்தது; குதிரையேற்ற மன்றம் வந்தது; எஞ்சிய மேட்டில் பழைய பால்மரங்களுக்கு இடையே மலைச் சைக்கிள் ஓட்டிகளும் நடைப் பிரியர்களும் தங்கள் கையாலேயே பாதைகளை அமைத்தார்கள். சம்பளம் வாங்காமல், சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு போய்ச் செய்த வேலை அது. தலைநகரில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் கியாராவின் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதே தோட்டத்தில் பால்வெட்டிய குடும்பங்கள் என்ன ஆயின? சுமார் 100 குடும்பங்கள், 1982இல் ‘ரூமா பாஞ்சாங்’ எனப்படும் தற்காலிக நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பெரும்பாலும் தமிழர்கள். நிரந்தர வீடு வரும்வரை கொஞ்ச காலம் என்று சொல்லப்பட்ட அந்தத் தற்காலிகம், 40 ஆண்டுகளைத் தாண்டியது. லயத்தில் பிறந்தவர் நீண்ட வீட்டில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

2017இல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்காவின் ஒரு பகுதியில் வானுயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட கோலாலம்பூர் மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி கொடுத்திருந்தது. ஆடம்பரக் கட்டடங்கள் 8. அவற்றோடு, நீண்ட வீட்டு மக்களையும் உள்ளடக்கி, கட்டுபடி விலை வீடுகளுக்கென 29 மாடிக் கட்டடம் ஒன்று. பூங்காவைக் காக்கவேண்டும் என்று வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வீடு வேண்டும் என்று காத்திருந்த நீண்ட வீட்டு மக்களின் சங்கம் வழக்கின் மறுபக்கத்தில் நின்றது. உயர் நீதிமன்றம் 2018இல் குடியிருப்பாளர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் மேம்பாட்டு அனுமதியையே ரத்துசெய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

பொதுப் பூங்காவைத் தனியார் கட்டுமானத்துக்குக் கொடுக்கும்போது மக்களிடம் கேட்கவேண்டும், கொடுத்தால் காரணம் சொல்லவேண்டும் என்பதை அழுத்தமாக்கிய தீர்ப்பு அது. நாடு முழுவதும் பசுமைத் திடல்களுக்காகப் போராடுகிறவர்களுக்கு இன்று அதுவே துணை. வரவேற்கவேண்டிய தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பால் மட்டும் யாருக்கும் ஒரு வீடு முளைத்துவிடவில்லை. நீண்ட வீட்டு மக்களுக்கு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக்கொடுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்றுதான் வழக்குத் தொடுத்தவர்களும் சொல்லிவந்தார்கள் என்பதையும் பதிவுசெய்யவேண்டும். அப்படியென்றால் மோதல் எங்கிருந்து வந்தது? ஏழைகளின் வீட்டை ஆடம்பர மாடிகளின் முதுகில் கட்டிவைத்த திட்டத்திலிருந்து. ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் ஏற்றுக்கொள் என்ற ஏற்பாடு, பாதையை நேசித்தவர்களையும் அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிறுத்திவிட்டது.

பூங்காவும் பாதையும் வரையப்பட்ட நாளிலேயே இந்தக் குடும்பங்கள் அதே வரைபடத்தில் இடம்பெற்றிருந்தால், 2017 வரை போயிருக்கத் தேவையில்லை என்பது என் கணிப்பு.

தொழில்நுட்பப் பக்கமும் பேசவேண்டியதுதான். நம் நாட்டு மழையில் மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். சரிவில் நேராக ஏறும் பாதை, மழை பெய்யப் பெய்ய ஓடையாகிவிடும். அதனால் பாதை மேட்டைக் குறுக்காக வளைத்துக்கொண்டு போகவேண்டும். தண்ணீர் பாதையின்மேல் ஓடாமல் பள்ளத்துப் பக்கம் வழிந்துவிடும்படி வெளிப்புறம் லேசாகச் சாய்ந்திருக்கவேண்டும். ஏற்றம் சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பாதை அமைப்பவர்களிடையே இது பொதுவான கணக்கு.

இதைக் கேட்டதும் மேட்டுத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு ஏதோ நினைவுக்கு வரும். குன்றுப்பக்க ரப்பர் தோட்டங்களில் மரங்களை மேட்டை வளைத்த படிவரிசைகளில்தான் நட்டார்கள். பால்வெட்டுக்காரர் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போன நிரை, மேட்டைக் குறுக்கே சுற்றித்தான் போகும். எந்த இடத்தில் மண் சரியும், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பிறகு கால் புதையும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய தோட்ட நிலத்தில் பாதை வெட்டத் திட்டமிடுகிறவர் முதலில் உட்கார்ந்து பேசவேண்டியது அந்தத் தோட்டத்தின் மூத்தவர்களிடம். அப்படிப் பேசுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதுதான் கவலை.

சிங்கப்பூர் கதை வேறு மாதிரி. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் பாதை 2011 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூரிடம் வந்தது. முந்தைய நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமை நடைபாதை அது. 1932இல் கட்டப்பட்ட புக்கிட் தீமா ரயில் நிலையம் சீரமைக்கப்பட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்தப் பாதை கட்டடங்களாகப் போய்விடாமல் தப்பியதற்கு ஒரு காரணம், முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்தது. ரயில் நிற்பதற்கு முன்பே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அந்த நிலத்தைப் பசுமைப் பாதையாக வைத்திருக்கவேண்டும் என்று முன்மொழிவு கொடுத்துவிட்டது. முடிவு எடுத்தபிறகு கண்ணீர் விடுவதற்கும், முடிவு எடுக்குமுன் 20 பக்கம் எழுதிக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அந்தத் தண்டவாளத்தில் நம் கதையும் இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் இன்று கம்பீரமாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932 வாக்கில் குவீன்ஸ்வே பக்கம் ரயில் பாதையோரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்து வணங்கிய சிறு சன்னதியிலிருந்து வளர்ந்தது. 1998இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஞாயிறு காலை அந்தப் பசுமைப் பாதையில் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இரும்புப் பாலத்துக்குக் கிடைத்த பாதுகாப்பும் கவனமும் அதைத் தாங்கிய தண்டவாளத்தைப் பராமரித்த கைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

நம் இரு நாடுகளுக்கு வெளியிலும் பார்க்கலாம். இலங்கையின் மலையகத்தில், கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ‘பீக்கோ டிரெயில்’ அண்மை ஆண்டுகளில் பேர்பெற்றுவிட்டது. பிரிட்டிஷ் காலத்தில் தேயிலை ஏற்றிச்சென்ற பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, வெளிநாட்டு நிதியுதவியோடு உருவாக்கிய பாதை. அது நெடுக நம் உறவுகளான மலையகத் தமிழர்களின் லயங்கள் இருக்கின்றன. சுற்றுலா இதழ்களில் பனிமூட்டம் வருகிறது, பச்சைப் போர்வை வருகிறது. கொழுந்து பறிக்கும் பெண் படத்தின் ஓரத்தில் அழகுக்கு நிற்கிறாள். அவளுடைய லயத்து அறைக்குக் கழிவறை உண்டா என்ற கேள்வி படத்துக்குள் வருவதில்லை.

அதே இலங்கையில் 2023இல் இன்னொரு நடையும் நடந்தது. மலையகத் தமிழர்கள் அங்கு போய் 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, முன்னோர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக ஏறிய பாதையை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். சுமார் 250 கிலோமீட்டர், 16 நாள். வழியெல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வரவேற்றார்கள். நில உரிமை, வீட்டு உரிமை, சமமான குடியுரிமை ஆகிய கோரிக்கைகளோடு நடந்த அந்த நடையையும், சுற்றுலாப் பாதையையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் மாநாடு ஒன்று நடந்தால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டாவது போவேன்.

உள்ளூர்க்காரர்களை முன்னால் வைத்துப் பாதை போட முடியாது என்று சொல்லவும் வழியில்லை. ஜெஜு தீவின் ‘ஓலே’ பாதையை 2007இல் தொடங்கியவர் சோ மியோங் சுக் என்ற முன்னாள் பத்திரிகையாளர். ‘ஓலே’ என்றால் அந்தத் தீவின் பேச்சுவழக்கில், தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை போகும் ஒடுக்கமான சந்து. ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகாமல் ஊர்களுக்குள் நுழைந்து, ஊர்ச் சந்தை வழியாகவும் மீனவர் வீட்டு ஓரமாகவும் போகும்படி பாதையை இழுத்தார்கள். நடப்பவர் அங்கேயே சாப்பிடுகிறார், அங்கேயே தங்குகிறார், காசு ஊரில் நிற்கிறது. இன்று அந்தப் பாதை 400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் கியூஷு தீவும் 2012இல் அதே பெயரை வாங்கிப் பாதைகளைத் திறந்தது.

நமக்கு இது அந்நியமான துறையும் அல்ல. தமிழ் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்று ஒரு வகையே உண்டு. ஆறு என்றால் வழி. போய்வந்தவர், போகப்போகிறவருக்கு வழி சொல்வது. மலைபடுகடாம், மலைவழியில் போகும் கூத்தர்களுக்கு எந்த இடத்தில் தினைப்புனக் காவலர் யானைக்கு எறியும் கவண்கல் வரும் என்பதுவரை எச்சரிக்கிறது. பாடம் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்ததை, இப்போது மலைப்பாதைப் பாதுகாப்புக் குறிப்பாகப் படித்தால் சுவையாக இருக்கிறது.

அதைவிடப் பக்கத்து எடுத்துக்காட்டு தைப்பூசம். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை சுமார் 15 கிலோமீட்டர் வெள்ளி ரதத்தோடு நடக்கும் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, குப்பை அகற்றல், போக்குவரத்து என்று ஆண்டுதோறும் ஏற்பாடு நடக்கிறது. நடக்கிறவர்களுக்குத் துணைநிற்பது என்றால் என்ன என்று மாநாட்டில் கட்டுரை வாசிக்க நம் ஆலயத் தொண்டர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அவர்களுக்கு அழைப்பு போகாததற்கு, அவர்கள் செய்வதை யாரும் ‘நடைபாதைப் பணி’ என்று எழுதிவைக்காததும் ஒரு காரணம்.

வேலைவாய்ப்பும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டப்படி வனக்காப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதி தேவை. பல மலைகளுக்குப் பதிவுபெற்ற ‘மாலிம் குனோங்’ எனும் வழிகாட்டியோடுதான் ஏற முடியும். நம் இளைஞர்கள் மலையேறிப் படம் பிடித்து முகநூலில் போடுகிறார்கள், நல்லது. வழிகாட்டிச் சான்றிதழ் எடுப்பது ஒரு தொழில் என்று நம் இளைஞர் அமைப்புகள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. தோட்டத்தை ஒட்டி வளர்ந்த பிள்ளைக்குக் காட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தரவேண்டியது குறைவு. மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு குழுவை நடத்தும் பயிற்சிதான் தேவை.

அடுத்த மாநாட்டுக்கு ஆலயமோ, தோட்ட முன்னாள் மாணவர் சங்கமோ, இளைஞர் மன்றமோ ஒரு கட்டுரை கொண்டுபோக விரும்பினால், தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கலாம். பிரட்டுக் களம் எங்கே இருந்தது, பால் ஸ்டோருக்கு எந்த வழி, ஆற்றங்கரைக் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் எந்தப் பாதை, எந்த டிவிசனுக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, கைத்தொலைபேசி வரைபடத்தில் ஒவ்வோர் இடமாகக் குறித்துக்கொள்ளவேண்டும். இப்போது அங்கே செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ இருந்தாலும் குறிக்கவேண்டும். ஊராட்சி மன்றங்கள் வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது கருத்தும் ஆட்சேபமும் எழுத்தில் கொடுக்கக் காலக்கெடு உண்டு. அந்த வரைபடத்தை அங்கே கொடுக்கலாம். மாநாட்டுக்கும் அதையே கொண்டுபோகலாம்.