ஒரே கோடு, இரண்டு விலை

பார்கோட் ஸ்கேனர் பொருத்துவது பத்து நிமிட வேலை. பெட்டியைத் திறந்து, யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகி, கைக்கெட்டிய பிஸ்கட் பக்கற்றைக் காட்டினால் 'பீப்' என்கிறது. முதலாளி சிரிக்கிறார். பில் மெஷின் போட வந்த தம்பி காசை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுகிறார். சில மாதம் கழித்து அதே கடைக்குப் போனால் ஸ்கேனர் சீனி மூடைக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கும். காசாளர் பிள்ளை கல்குலேட்டரில் தட்டிக்கொண்டிருப்பாள். கேட்டால், மெஷின் சரியில்லை என்பார்கள். எடுத்துப் பார்த்தால் மெஷினில் ஒரு பிழையும் இராது.

திருகோணமலை மாவட்டத்தில் பில் மெஷின் இப்போது நகரத்துக் கடைத்தெருவோடு நிற்கவில்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று போய், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் பக்கத்துப் பலசரக்குக் கடைகள் வரை அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆகவே இந்த இதழைப் படிக்கும் பொருத்துநர்களுக்கும் கடைக்காரருக்கும் ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் விற்பது ஸ்கேனர் அல்ல, பொருள் பட்டியல். பட்டியல் இல்லாத கடையில் ஸ்கேனர் வெறும் சிவப்பு விளக்கு.

பார்கோட்டுக்குள் விலை இருக்கிறது என்று நம்பும் முதலாளிமார் இன்னும் பலர். இல்லை. சில்லறைப் பொருளில் கம்பனி அச்சிடும் கோட்டில் இருப்பது இலக்கங்கள் மட்டும்தான், பெரும்பாலும் 13. 479 என்று தொடங்கினால் அந்த இலக்கம் ஜீஎஸ்1 லங்கா வழியாக வழங்கப்பட்டது. 890 என்றால் இந்தியாவில் வழங்கப்பட்டது. பொருள் எங்கே தயாரானது என்பதைக்கூட அது உறுதிப்படுத்தாது, இலக்கம் எங்கே பதிவானது என்பதைத்தான் சொல்லும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. முதல் பன்னிரண்டையும் மாறிமாறி 1, 3 என்று பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் போடுவார்கள். 479123456789 என்பதற்குக் கூட்டுத்தொகை 129, ஆகவே கடைசி இலக்கம் 1. கையால் தட்டும்போது ஒரு இலக்கம் பிழைத்தால் இது பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் பெரும்பாலும் பிடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும்.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ட்ரோய் என்ற ஊரின் மார்ஷ் கடையில், முதன்முதலாக ஒரு பொருள் இந்த முறையில் பில் ஆனது. அது ஒரு ரிக்லி சூயிங்கம் கட்டு, விலை 67 சதம். அந்த 67 சதமும் கட்டில் அச்சிட்ட கோட்டிலிருந்து வரவில்லை. கடையின் கணினியில் யாரோ முன்கூட்டியே பதிந்து வைத்திருந்த பட்டியலிலிருந்து வந்தது. ஐம்பது வருடம் கழித்தும் நிலைமை அதுதான். பதிகிறவர் யார் என்ற கேள்விக்குத்தான் நம் கடைகளில் விடை இல்லை.

இலங்கையில் இந்தக் கேள்வி வேறு பல நாடுகளைவிடக் கூர்மையானது. காரணம், பக்கற்றிலேயே உச்ச சில்லறை விலையை அச்சிடுகிறோம். அதற்கு மேல் ஒரு ரூபா வாங்கினாலும் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தியோகத்தர்கள் வாடிக்கையாளர் போல வந்து பொருள் வாங்கிப் பார்ப்பார்கள். விலை ஏறும்போது கம்பனி பக்கற்றில் புதிய விலையை அடிக்கிறது, ஆனால் பார்கோட்டை மாற்றுவதில்லை. அதே 400 கிராம் பால்மா, அதே 13 இலக்கம். தட்டில் முன்னால் பழைய விலைப் பக்கற், பின்னால் புதிய விலைப் பக்கற். பட்டியலில் புதிய விலையைப் பதிந்த மறுநிமிடமே பழைய பக்கற் ஒவ்வொன்றும் அச்சிட்ட விலைக்கு மேலாக பில் ஆகிறது. கடைக்காரர் களவு செய்ய நினைக்கவில்லை, கணினி அவர் பெயரில் செய்துவிடுகிறது. நீதவான் முன்னால் நிற்பது கணினி அல்ல.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வருடத்துக்கு வருடம் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருளில் மட்டும் 94.9. அந்த மாதங்களில் லொறி வரும்போதெல்லாம் விலையும் மாறி வந்தது. பிறகு சில பொருட்களுக்கு விலை இறங்கியது. இறங்கும்போது வேறு விதமான சிக்கல். புதிய பக்கற்றில் குறைந்த விலை, பட்டியலில் பழைய கூடிய விலை. இதுவும் அதே குற்றம்தான். விலை இனி நிலையாகிவிட்டது, பயமில்லை என்று சொல்லும் முதலாளியோடு வாதாடாதீர்கள். 2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது ஒரே இரவில் எத்தனை பொருளின் விலை மாறியது என்று மட்டும் கேளுங்கள்.

ஒரே இலக்கத்துக்கு இரண்டு மூன்று விலையை வைத்திருக்கக்கூடிய மென்பொருள் இருக்கிறது. ஸ்கேன் செய்தவுடன் திரையில் ஒரு சிறு சாளரம் எழுந்து எந்த விலை என்று கேட்கும். காசாளர் பக்கற்றைத் திருப்பி, மையால் புள்ளிபுள்ளியாக அடித்திருக்கும் விலையைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கவுண்டரில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் வேறு கதை. ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகைதான். 13 இலக்கத்தையும் தட்டி, கடைசியில் 'என்டர்' விசையையும் அதுவே அமுக்குகிறது. பிள்ளை பால்மாவைக் காட்டுகிறாள், 'பீப்', சாளரம் எழுகிறது. அவள் திரையைப் பார்க்காமல் அடுத்ததாக சவர்க்காரத்தைக் காட்டுகிறாள், மறுபடி 'பீப்'. சவர்க்காரத்தின் இலக்கங்கள் விலைச் சாளரத்துக்குள் விழுகின்றன. அதன் என்டர், மேலே நின்ற விலையைத் தெரிவு செய்து சாளரத்தை மூடிவிடுகிறது. பால்மா ஏதோ ஒரு விலைக்குப் போயிற்று. சவர்க்காரம் பில்லிலேயே இல்லை. இரண்டு 'பீப்' கேட்டதால் இருவருக்கும் திருப்தி. மாத முடிவில் சவர்க்காரம் குறைகிறது என்று முதலாளி பெடியனைச் சந்தேகிக்கிறார்.

இதற்கு மருந்து பொருத்துநரிடம்தான் இருக்கிறது. சாளரத்தில் குறைந்த விலை மேலே நிற்கும்படி வையுங்கள். தவறினால் கடைக்குச் சில ரூபா நட்டம், வழக்கு இல்லை. விலைச் சாளரத்தில் இலக்கம் விழுந்தால் பிழைச் சத்தம் எழுப்பக்கூடிய மென்பொருளா என்று வாங்குமுன் சோதியுங்கள். சோதனை மிக எளிது: இரண்டு பொருளை வேகமாக அடுத்தடுத்துக் காட்டிப் பாருங்கள். மென்பொருளுக்கு இரண்டு விலை தெரியாது என்றால், பழைய இருப்புக்குக் கடையின் சொந்த இலக்கத்தில் ஸ்டிக்கர் அடித்துக் கம்பனிக் கோட்டை முழுதாக மூடி ஒட்டுங்கள். பாதி மூடினால் ஸ்கேனர் எதை வாசிக்கும் என்று சொல்ல முடியாது. விலையையும் காலாவதித் திகதியையும் மறைத்து ஒட்டினால் அது இன்னொரு வழக்கு.

சொந்த இலக்கம் என்றதும் நம் தொழிலில் உள்ள ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. பார்கோட் இல்லாத பொருளுக்கு 479 என்று தொடங்கி வாயில் வந்த இலக்கத்தைப் போட்டு அச்சடிக்கிறார்கள். என்றாவது ஒரு நாள் அந்த இலக்கத்தை உண்மையாகவே வைத்திருக்கும் கம்பனியின் பொருள் கடைக்குள் வரும். அப்போது நூடில்ஸைக் காட்டினால் விளக்குமாறு என்று பில் அடிக்கும். கடைக்குள் மட்டும் பாவிப்பதற்கென்றே 2 என்று தொடங்கும் இலக்கங்களை உலகம் முழுதும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை எடுங்கள். எழுத்துக் கலக்காமல் இலக்கம் மட்டும் போடுங்கள். பொருளின் பெயரைத் தமிழில் பதிய விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டு மறந்தால், ஸ்கேனர் அனுப்பும் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாக விழும். மெஷின் பழுது என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் இதுவும் ஒரு வகை.

நிறுத்துக் கொடுக்கும் சாமான்தான் நம் பகுதியின் பெரிய வியாபாரம். சீனன்குடா பிறீமா ஆலையின் மா ஒரு கிலோ பக்கற்றாக வந்தால் கோடு உண்டு. மூடையைப் பிரித்து அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று கொடுத்தால் கோடு ஏது? பருப்பு, சீனி, அரிசி, செத்தல் மிளகாய் எல்லாம் அப்படியே. லேபல் அடிக்கும் தராசு வாங்க வசதியுள்ள கடையில், 2 என்று தொடங்கி, நடுவில் பொருள் எண்ணும் அதை அடுத்து நிறையோ விலையோ வரும்படி அமைக்கலாம். நிறையா விலையா என்பதைத் தராசிலும் மென்பொருளிலும் ஒன்றாக வையுங்கள். ஒன்றில் கிராமும் மற்றதில் ரூபாவும் நின்றால் 750 கிராம் பருப்பு 750 ரூபாவாகிவிடும். தராசு இல்லாத கடைக்கு, அதிகம் போகும் முப்பது நாற்பது சாமானுக்கு இரண்டு இலக்கச் சுருக்க எண் கொடுத்து, மட்டையில் எழுதிக் கவுண்டரில் ஒட்டிவிடுங்கள். இதற்கு ஸ்கேனரே தேவையில்லை என்று முதலாளியிடம் நேர்மையாகச் சொல்லலாம்.

கருவாட்டுக்கு லேபல் அடிப்பவர்கள் தாளைக் கவனிக்க வேண்டும். சூட்டில் கறுக்கும் சாதாரண தேர்மல் தாள் எண்ணெய் பட்டால் மங்கும், வெயிலில் கிடந்தால் முழுதும் கறுக்கும். மூதூர்ப் பக்கம் கடை வாசலில் தொங்கும் கட்டாக் கருவாட்டுப் பையில் அந்த லேபல் நீண்ட நாள் நிற்காது. ரிபன் போட்டு அச்சடிக்கும் முறை விலை கூடுதல், ஆனால் நிற்கும். சொந்தமாக மிளகாய்த்தூள், ஒடியல், தேன் பொதி செய்யும் பெண்கள் சங்கங்கள் சிவப்பு நிறத்தில் கோடு அச்சடித்து வருவதும் உண்டு. ஸ்கேனரின் ஒளியே சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்று. கறுப்பில் அடிக்கச் சொல்லுங்கள். கோட்டின் இரு பக்கமும் வெற்றிடம் விடச் சொல்லுங்கள், அழகுக்காகக் கரை போட வேண்டாம்.

பட்டியலை எக்செல்லில் தயாரிப்பவர்களுக்கு ஒரு அவசர வார்த்தை. 13 இலக்கத்தை அப்படியே ஒட்டினால் எக்செல் அதை 4.79123E+12 என்று காட்டும். அதைக் கவனிக்காமல் சீஎஸ்வீ கோப்பாகச் சேமித்தால் கடைசி ஏழு இலக்கமும் பூச்சியமாகிவிடும். ஒரே கம்பனியின் பொருளெல்லாம் ஒரே இலக்கமாகும். இறக்குமதி ரின்களில் முன்னால் நிற்கும் பூச்சியமும் காணாமல் போகும். இலக்கம் ஒட்டுமுன் அந்த நிரலை எழுத்து வகைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இதில் கோட்டைவிட்டு இரவிரவாகத் திரும்பப் பதிந்தவர்கள் நம் வாசகரிலேயே இருப்பார்கள்.

ஸ்கேனரோடு வரும் சிறு புத்தகத்தை எறிய விடாதீர்கள். அமைப்பை மாற்றுவது அதிலுள்ள கோடுகளை வாசித்துத்தான். கடைப் பிள்ளைகள் விளையாட்டாக ஒரு பக்கத்தைக் காட்டினால் என்டர் போவது நின்றுவிடலாம், சத்தம் நின்றுவிடலாம். பழைய நிலைக்கு மீட்கும் கோட்டையும் என்டர் சேர்க்கும் கோட்டையும் போட்டோப் பிரதி எடுத்து லாச்சிக்குள் ஒட்டிவிட்டு வந்தால் வெருகல் வரை ஒரு ஓட்டம் மிச்சம்.

புதிதாக வாங்குவோர் லேசர் வகையை விட்டு, படம் பிடித்து வாசிக்கும் வகையை எடுப்பது நல்லது. 2027 முடிவுக்குள் கவுண்டர்கள் சதுரக் கோட்டையும் வாசிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜீஎஸ்1இன் இலக்கு. அதில் காலாவதித் திகதி, தொகுதி எண் எல்லாம் சேரும். லேசர் அதை வாசிக்காது. லங்கா கியூஆர் காசு கட்டுவதற்கும் இந்த ஸ்கேனருக்கும் சம்பந்தமில்லை. அங்கே கடை ஒட்டிய கோட்டை வாடிக்கையாளரின் கைபேசிதான் வாசிக்கிறது.

கடைசியாகக் கடன் கொப்பி. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத வாரங்களில் கரையோரக் கடைகளில் சாமான் போவது கொப்பியில்தான். ஸ்கேன் செய்து காசு வாங்கியதாக பில்லை மூடினால் லாச்சியில் காசு குறையும். ஸ்கேன் செய்யாமல் கொப்பியில் மட்டும் எழுதினால் இருப்புக் கணக்கு பொய்யாகும். கொப்பியிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மென்பொருளில் கடன் கணக்காகத் திறந்து கொடுத்த பிறகே கடையை ஒப்படையுங்கள். அந்தப் பெயர்களை அரை மணித்தியாலத்தில் பதியலாம், ஆனால் முதலாளி பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அவர் கொப்பியில் 'வளவுக்கார அக்கா' என்று எழுதியிருப்பது யாரை என்று அவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் கூலி கேட்கத் தயங்குகிறோம். ஸ்கேனர் விலையில் நூறு, இருநூறு ரூபா குறைத்துக் கொடுத்துப் போட்டி போடுகிறோம், பட்டியல் வேலையை இலவசமாகப் பாதியில் விட்டுவிட்டு வருகிறோம். விலைச்சீட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: கருவிக்கு இவ்வளவு, பட்டியல் பதிவுக்கும் முதல் விலை மாற்றத்துக்குத் திரும்பி வருவதற்கும் இவ்வளவு. விலை மாற்றம் பதியப்போவது யார் என்று ஒப்படைக்கும் நாளிலேயே கேளுங்கள். "மகன் பாப்பான்" என்று முதலாளி சொன்னால் அந்த மகனைக் கூப்பிட்டு, பால்மாவுக்கு இரண்டு விலை பதியச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் கொழும்பில் படிக்கிறார் என்று தெரியவந்தால் கடையில் நிற்கும் பிள்ளைக்குப் பழக்குங்கள்.