எட்செல்லைப் பார்த்துச் சிரிப்பவர்கள்

அண்மையில் கல்லூரி ஒன்றின் ஆளுமை வளர்ச்சி அரங்கில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். பேச வந்தவர் திரையில் ஒரு காரின் முகத்தைக் காட்டினார். நடுவில் செங்குத்தாக நிற்கும் முட்டை வடிவ முகப்பு, இருபுறமும் இரட்டை விளக்குகள். "இதுதான் எட்செல், தோல்வியின் மறுபெயர்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஒருவர் இதே காரில் நூற்றுக்கும் மேல் சேர்த்துத் தம் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார் என்று அடுத்துச் சொன்னபோது சிரிப்பு இன்னும் பலத்தது. அந்த இரண்டாவது சிரிப்போடுதான் நமக்கு வழக்கு.

1957 செப்டம்பர் 4 அன்று ஃபோர்டு நிறுவனம் எட்செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1959 நவம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து உருவானவை ஏறத்தாழ 1,18,000 கார்கள். நட்டம் 25 கோடி டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எட்செல் என்பவர் ஹென்றி ஃபோர்டின் ஒரே மகன். 1943இல், 49 வயதில் இறந்தவர். காருக்கு இடப்பட்ட அவர் பெயர் தோல்விக்கு ஆகுபெயராயிற்று.

இதில் இலக்கியக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1955இல் இக்காருக்குப் பெயர் சொல்லுமாறு ஃபோர்டு அலுவலர்கள் கவிஞர் மரியான் மூருக்குக் கடிதம் எழுதினார்கள். 'இன்டெலிஜென்ட் வேல்', 'மங்கூஸ் சிவிக்', 'உட்டோப்பியன் டர்ட்டில்டாப்' என்று அவர் அனுப்பிய பெயர்கள் பல. அக்கடிதங்கள் 1957இல் நியூ யார்க்கர் இதழில் வெளியாயின. கவிஞரிடம் காரைக் கொடுத்தால் திமிங்கிலமும் ஆமையும்தான் வரும் என்று இதையும் நகைச்சுவைத் துணுக்காக்கிவிட்டார்கள். ஆனால் விற்காமற்போன கார் எந்தப் பெயரோடு தெருவுக்கு வந்தது? கவிஞரின் பெயர்களையும், விளம்பர நிறுவனம் தொகுத்துத் தந்த ஆயிரக்கணக்கான பெயர்களையும் தள்ளிவிட்டு மேலிடம் வைத்த பெயரோடு.

முகம் அழகில்லை, பெயர் எடுபடவில்லை, ஆகவே தோற்றது என்பதே மேடைகளில் ஒப்பிக்கப்படும் பாடம். 1957இன் பிற்பகுதியில் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் நடுத்தர விலைக் கார்கள் அனைத்தும் அடிவாங்கின. பேக்கார்டு 1958இல் மறைந்தது, டி சோட்டோ 1960இல். எட்செல்லுக்கெனத் தனி ஆலை கிடையாது. ஃபோர்டு, மெர்குரி கார்கள் உருவான வரிசையிலேயே இடையிடையே செருகிக் கட்டப்பட்ட பல வண்டிகள் குறைகளோடு விற்பனையாளரை அடைந்தன. நிறுவனத்துக்குள்ளேயே இதில் நம்பிக்கையில்லாதவர்கள் இருந்தார்கள். பின்னாளில் வியட்நாம் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா அவர்களில் ஒருவர். இத்தனையையும் ஒரு முகப்பின் தலையில் கட்டிவிடுவது மேடைக்கு வசதி.

சேர்த்து வைப்பவர் அந்த வசதியைக் கெடுக்கிறார். ஒன்று போதாதா, நூறு எதற்கு என்று அவரைக் கேட்கிறார்கள். பதிப்பாசிரியரிடம் இப்படிக் கேட்போமா? ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடி உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது ஏன் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்செல்லிலும் பாடவேறுபாடுகள் உண்டு. 1958இல் ரேஞ்சரும் பேசரும் ஃபோர்டின் உடலில் வந்தன. கோர்சேரும் சைட்டேஷனும் மெர்குரியின் பெரிய உடலில் வந்தன. அவ்வாண்டு ஸ்டீயரிங்கின் நடுவிலேயே கியர் மாற்றும் பொத்தான்கள் இருந்தன. மறு ஆண்டு அவை இல்லை. பெரிய உடலும் இல்லை. கேலிக்கு ஆளான செங்குத்து முகப்பு 1959இல் அடக்கமாக ஒடுங்கியது, 1960இல் அறவே நீங்கியது. ஊர் சிரித்ததற்கு அஞ்சி ஒரு நிறுவனம் தன் காரின் முகத்தை இரண்டே ஆண்டுகளில் அழித்துக்கொண்டதை, மூன்று ஆண்டு வண்டிகளையும் அடுத்தடுத்து நிறுத்தியவரிடம்தான் கண்ணால் காண முடியும். அருங்காட்சியகத்துக்கு ஒரு வண்டி போதும், அதன் கீழே ஒரு பலகையும் போதும்.

சேகரிப்பாளர் எல்லாரும் உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. 1960ஆம் ஆண்டு மாதிரியில் மடக்குக் கூரை கொண்டவை 76 மட்டுமே உருவாயின. அவற்றை மட்டும் ஏலத்தில் துரத்துபவருக்குத் தோல்வியும் ஒரு முதலீடு. அவருக்கு நம் வக்காலத்து தேவையில்லை. துருவேறிய, எவரும் விலை கேட்காத நான்கு கதவு ரேஞ்சரையும் விடாமல் இழுத்துவந்து நிறுத்துகிறவரைப் பற்றியே பேசுகிறோம். அவர் காலத்துக்குப் பின் அத்தனையும் நூறு திசைக்குச் சிதறக்கூடும். அந்த அச்சம் சிரித்தவர்களில் ஒருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று திரையில் வந்தது 1958ஆம் ஆண்டு வண்டி. 1960ஆம் ஆண்டினதைக் காட்டியிருந்தால் அரங்கில் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். பேச்சாளருக்கே அது எட்செல் என்று தெரிந்திருக்குமா என்பது நம் ஐயம்.